இப்ப நட்டா, காய்க்கும்போது நான் இருப்பேனா?

பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர். வயது 68. (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் அவருடைய தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டது. அதன் பிறகு சரியான தூக்கம் இல்லை. மனநல மருத்துவர் பரிசோதித்து, மனச்சோர்வு நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் ஆலோசகரான என்னிடம் அனுப்பினார்.

மூன்றாவது முறை வந்தபோது கேட்டார்: "ஏம்மா, இப்ப நட்டா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அப்ப நான் இருப்பேனா?"

"நூறு வயசு இருப்பீங்க ஐயா" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்லி அவர் வாயை அடைத்திருந்தார்கள். "தெரியலையே ஐயா. இது எப்பலேருந்து மனசுல ஓடுது?" என்றேன். வெகுநேரம் பேசினார். மரங்களைப் பற்றி இல்லை. அவருடைய அப்பா 70 வயதில் போய்ச் சேர்ந்ததைப் பற்றி.

வாழ்க்கையின் அடிப்படைக் கேள்விகளைப் பேச்சு வழியாக நேருக்கு நேர் பார்க்கும் இருத்தலியல் சிகிச்சை தொடங்கும் இடம் இதுதான். மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை என்ற நான்கிலிருந்து யாரும் தப்ப முடியாது என்று 1980-ல் எழுதினார் மனநல மருத்துவர் இர்வின் யாலோம். இவற்றால் வரும் கலக்கமெல்லாம் நோய் இல்லை. ஆலோசகர் அதற்கு மருந்து போல ஒரு பதிலைத் தருவதில்லை. அந்தக் கேள்வியோடு கூடவே உட்கார்ந்திருக்கிறார்.

இதில் சுதந்திரம், அதாவது நம் வாழ்க்கையை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான், நம் டெல்டா பக்கத்தில் இடிக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல் உண்டு, இல்லாவிட்டால் ஆழ்குழாய்க் கிணறு இருப்பவருக்கு மட்டும். புயலும் நம்மைக் கேட்டு வருவதில்லை. நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட விக்டர் பிராங்கல், நிலைமையை மாற்ற முடியாதபோதும் அதன் முன்னே எப்படி நிற்பது என்ற தேர்வு மனிதனிடம் மிச்சமிருக்கிறது என்றார். உண்மைதான். ஆனால் தோப்பை இழந்தவரிடம் அதை உபதேசமாகச் சொல்வது கொடுமை. பெரியவர் "எல்லாம் விதி" என்ற போதெல்லாம், "சரி ஐயா, விதி போக மிச்சம்?" என்று மட்டும் கேட்டு வந்தேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் இந்தப் பேச்சு மட்டும் போதாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ஏழாவது முறை வந்தபோது பெரியவரின் நக இடுக்கில் மண். பத்துத் தென்னம்பிள்ளை வைத்து, மீதி இடத்தில் உளுந்து தெளித்திருக்கிறாராம். "காயைப் பார்ப்பேனோ என்னவோ, பிள்ளைக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும்ல" என்றார். தூக்கம் இன்னும் முழுசாக வரவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச இன்னும் நிறைய இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை வருகிறார்.