ஃபேனை ஒன்றில் வைத்தால் கரன்ட் பில் குறையுமா?

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதமும் கூடவே வந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்போம். அம்மா எழுந்துபோய், ஐந்தில் ஓடும் ஃபேனை இரண்டில் வைப்பார். "கொஞ்சம் கரன்டாவது மிச்சமாகட்டும்." கண்ணைத் திறக்காமலே பெரியப்பா சொல்வார்: "ரெண்டுல வச்சாலும் அஞ்சுல வச்சாலும் ஈபி பில் ஒண்ணுதாம்மா. ஃபேனுக்குப் போகாத கரன்ட் ரெகுலேட்டர்ல சூடாப் போயிடும். காத்தாவது நல்லா வரட்டும், அஞ்சுலயே வை." பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்த அக்கா, "அது உங்க காலத்து ரெகுலேட்டர் பெரியப்பா" என்பாள். அதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

இந்த வாக்குவாதம் நடக்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு என்றுதான் நினைக்கிறேன். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. யார் சொல்வதில் எவ்வளவு என்பது, சுவரில் இருக்கிற அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெரியப்பா மனதில் இருப்பது பழைய பெட்டி. ஸ்விட்ச் போர்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, கனமாக இருக்குமே, அதுதான். உள்ளே மின்தடைக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, நடுநடுவே இணைப்பு எடுத்திருப்பார்கள். ஐந்தில் வைத்தால் கரன்ட் சுருளைத் தொடாமல் நேராக ஃபேனுக்குப் போகும். நான்கில் வைத்தால் கொஞ்சம் சுருள், மூன்றில் இன்னும் கொஞ்சம். ஒன்றில் வைத்தால் முழுச் சுருளையும் கடந்துதான் போக வேண்டும். ஒன்றில் அரை மணி நேரம் ஓடவிட்டு, புறங்கையை அந்தப் பெட்டியின் மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வெதுவெதுப்பு தெரியும். பெரியப்பாவின் வாதத்துக்கு இந்தச் சூடுதான் சாட்சி. கையில் உணர்ந்த ஒன்றை யாராலும் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க முடியாது.

சூடு உண்மைதான். அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவில்தான் சிக்கல். "ஃபேனுக்குப் போகாதது பெட்டிக்குப் போகிறது, மொத்தம் ஒன்றுதான்" என்று சொல்லும்போது, ரேஷன் கடை மாதிரி ஒரு கணக்கு மனதில் ஓடுகிறது. கார்டுக்கு இத்தனை கிலோ என்று அளந்து கொடுத்துவிட்டார்கள், அதை அண்ணன் சாப்பிட்டாலும் தம்பி சாப்பிட்டாலும் அரிசி தீரும். மின்சாரம் அப்படி அளந்து வருவதில்லை. ஈபி நமக்குக் கொடுப்பது வோல்டேஜ், அதாவது அழுத்தம். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதைக் குழாயை நாம் எவ்வளவு திறக்கிறோம் என்பது தீர்மானிக்கும். வழியில் தடை கூடினால் ஓடுவதே குறைந்துபோகும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட்டில் 75 வாட் இழுக்கும் ஒரு ஃபேன். அதை வெறும் ஒரு தடையாக வைத்துக்கொள்வோம். அதே அளவு தடையுள்ள சுருளை அதோடு வரிசையில் சேர்த்தால் மொத்தத் தடை இரண்டு மடங்கு, ஆகவே கரன்ட் பாதி. ஈபியிடமிருந்து இழுப்பது 75 வாட்டிலிருந்து 37.5 வாட்டாகக் குறைந்துவிடும். அதில் பாதி, சுமார் 19 வாட், பெட்டியில் சூடாகப் போகிறது. மீதிப் பாதி ஃபேனுக்கு. ஆக, பெட்டி பாதியை வீணடிக்கிறது என்பதும் சரி, மீட்டரில் ஓடுவது குறைகிறது என்பதும் சரி. பழைய பெட்டியிலும் பில் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

அப்படியானால் ஏன் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை? நிஜ ஃபேன் வெறும் தடை கிடையாது, அது மோட்டார். வேகம் குறையும்போது, கிடைக்கிற வோல்டேஜுக்கு நியாயமாக இழுக்க வேண்டியதைவிடக் கூடுதலாகவே அது கரன்டை இழுக்கும். அதனால் நிஜத்தில் மிச்சம் நம் கணக்கில் வந்ததைவிடக் குறைவு. காற்று நன்றாகக் குறைந்துவிடும், பில் லேசாகத்தான் குறையும். இதை அனுபவித்துப் பார்த்தவர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, அக்கா சொல்லும் புது ரெகுலேட்டருக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு. திருப்பும்போது தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் உள்ளே டிரையாக் என்ற சிறிய மின்னணுக் கதவு இருக்கும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று என்று பார்த்தால் விநாடிக்கு 100 அரை அலைகள். ஒவ்வோர் அரை அலையிலும் இந்தக் கதவு கொஞ்ச நேரம் மூடியிருந்து, அப்புறம் திறக்கும். எவ்வளவு தாமதமாகத் திறக்கிறதோ அவ்வளவு குறைவாக ஃபேனுக்குப் போகும். கதவு மூடியிருக்கும்போது அதன் வழியே கரன்ட் இல்லை. திறந்திருக்கும்போது அதன் குறுக்கே வோல்டேஜ் அநேகமாக இல்லை. சூடு உண்டாக இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், இங்கே எப்போதும் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் பெட்டி சூடாவதில்லை. குறைந்த வேகத்தில் சில ஃபேன்கள் 'ம்ம்ம்' என்று முனகுவதற்கும் இதுதான் காரணம்: அலையைத் திடீர் திடீரென்று வெட்டுவதால் மோட்டாரின் இரும்புத் தகடுகள் அதிர்கின்றன.

சின்னதாக இருந்தும் 'டக் டக்' என்று படி படியாகத் திரும்பினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் கன்டென்சர் (மின்தேக்கி). இதுவும் கரன்டின் பாதையில்தான் உட்கார்ந்திருக்கிறது, வோல்டேஜில் ஒரு பங்கைத் தன் மேல் எடுத்துக்கொள்கிறது. பிறகு ஏன் சூடாவதில்லை? கன்டென்சரில் கரன்ட் உச்சத்தில் இருக்கும் நொடியில் வோல்டேஜ் பூஜ்யம், வோல்டேஜ் உச்சத்துக்கு வரும்போது கரன்ட் பூஜ்யம். வாங்கிய மின்னாற்றலை அடுத்த கால் சுற்றிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கிவிட்டு, மறுநாள் அதே டம்ளரில் அதே அளவு திருப்பித் தருவது போல. வீட்டு மீட்டர் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, உண்மையில் செலவானதை மட்டும்தான் எண்ணும்.

ஆக, புது ரெகுலேட்டரில் ஃபேனை மெதுவாக வைத்தால் பில் நன்றாகவே குறையும். அம்மா ஜெயித்துவிட்டார்.

இந்த வாக்குவாதத்தில் இதுவரை யாருமே நிமிர்ந்து பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய இழப்பு தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

காற்றைத் தள்ளும் வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால், காற்றைத் தள்ளத் தேவையான திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டின் கனம் (2 × 2 × 2) எட்டு, அதுதான். அப்படிப் பார்த்தால் 75 வாட் ஃபேன் பாதி வேகத்தில் ஒன்பது, பத்து வாட்டில் ஓட வேண்டும். சாதாரண ஃபேன் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. காரணம் தெரிய அதன் உள்ளே போக வேண்டும்.

சீலிங் ஃபேனில் நடுவில் இருக்கும் சுருள் அசையாது. வெளியே இருக்கும் வட்டமான கூடுதான் இறக்கைகளோடு சேர்ந்து சுற்றுகிறது. நடுச் சுருள்கள் இரண்டு தொகுதி. ஒன்றுக்கு கரன்ட் நேராகப் போகும், இன்னொன்றுக்கு ஒரு கன்டென்சர் வழியாகக் கொஞ்சம் முன்பின்னாகப் போகும். இந்த முன்பின்னால் ஒரு காந்தப்புலம் வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. நிகோலா டெஸ்லா 1888-ல் காப்புரிமை வாங்கிய மோட்டாரின் வாரிசுதான் இது. சுற்றும் காந்தப்புலம் வெளிக்கூட்டில் கரன்டைத் தூண்டும், அந்தக் கரன்டே கூட்டைப் புலத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். கூடு புலத்தைத் துரத்திக்கொண்டே இருக்கும், ஆனால் ஒருபோதும் எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் தூண்டல் நின்றுபோகும், இழுப்பும் போய்விடும்.

நாம் ரெகுலேட்டரைக் குறைக்கும்போது காந்தப்புலம் சுற்றும் வேகம் குறைவதே இல்லை. அதை 50 சுற்று மின்சாரம் தீர்மானிக்கிறது, அதில் நமக்குக் கை இல்லை. குறைவது புலத்தின் பிடி மட்டும். பிடி தளர்வதால் கூடு வழுக்கி வழுக்கிப் பின்தங்குகிறது. அந்த வழுக்கல் முழுவதும் சூடு. புலத்தின் வேகத்தில் பாதியில் கூடு சுற்றினால், அதற்குள் போகும் திறனில் பாதி சூடாகவே போய்விடும். இரண்டு சக்கர வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் திருகியபடியே கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போவது மாதிரி. சுவரில் எவ்வளவு நல்ல ரெகுலேட்டர் மாட்டினாலும் இந்த இழப்பைத் தடுக்க முடியாது.

கன்டென்சர் பழுதானால் நடப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு "கன்டென்சர் வீக்காயிடுச்சு" என்பாரே, அது இந்த இரண்டாவது சுருளுக்குப் போகும் கன்டென்சர். அதன் அளவு பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். அது வலுவிழந்தால் சுற்றும் புலம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும், ஃபேன் ஐந்திலும் சோம்பலாகச் சுற்றும், மோட்டார் சூடாகும். "மெதுவாத்தானே ஓடுது, கரன்ட் மிச்சம்" என்று அப்படியே விட்டுவைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றிவிடுங்கள். காற்று குறையும் அளவுக்கு அதில் கரன்ட் குறைவதில்லை.

பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்தது; டிசி என்றால் ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. வெளிக்கூட்டில் நிரந்தரக் காந்தங்களையே ஒட்டிவிட்டார்கள். அதனால் அங்கே கரன்டைத் தூண்டவும் வேண்டாம், துரத்தலும் வழுக்கலும் இல்லை. சுருளுக்கு எப்போது, எந்தப் பக்கம் கரன்ட் போக வேண்டும் என்பதை உள்ளேயிருக்கும் மின்னணுச் சுற்று முடிவு செய்கிறது. வேகத்தைக் குறைக்கச் சொன்னால் காந்தப்புலத்தின் சுழற்சியையே அது மெதுவாக்குகிறது, கூடு அதோடு ஒட்டிக்கொண்டே போகிறது. டிசி என்பதால் மிச்சம் என்று கடைகளில் சொல்வார்கள். மிச்சத்துக்குக் காரணம் டிசி இல்லை, காந்தமும் வழுக்காத சுழற்சியும்தான். முழு வேகத்தில் இவை சுமார் 28 முதல் 35 வாட் இழுக்கும். கிட்டத்தட்ட அதே காற்று 30 வாட்டில் கிடைக்கிறது என்றால், பழைய ஃபேன் இழுத்த 75-ல் பாதிக்கு மேல் எங்கே போனது? மோட்டாரின் சூடாக, நம் கூடத்துக்குள்ளேயே வந்தது. சித்திரை மாதத்தில்.

2023 ஜனவரியிலிருந்து இந்தியாவில் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். வாங்கும்போது நட்சத்திரத்தோடு வாட்டையும் பாருங்கள். ஒரு ஃபேன் நாளைக்கு 16 மணி நேரம் முழு வேகத்தில் ஓடுவதாக வைத்தால், 75 வாட்டுக்கு இரண்டு மாதத்தில் 72 யூனிட், 30 வாட்டுக்கு 29-க்கும் கீழே. மூன்று ஃபேன் உள்ள வீட்டில் வித்தியாசம் 130 யூனிட்டை நெருங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுத்து, படி படியாகக் கட்டணம் ஏறும் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஒன்று மட்டும் கவனம்: பிஎல்டிசி ஃபேனைச் சுவரில் இருக்கும் எந்த ரெகுலேட்டர் வழியாகவும் இணைக்கக் கூடாது. அதன் மின்னணுச் சுற்றுக்கு வெட்டாத, குறையாத முழு வோல்டேஜ் வேண்டும்.

போன வருடம் அக்கா ஒரு யோசனை சொன்னாள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கும். பக்கத்திலேயே 3200 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும் (சில மீட்டர்களில் வேறு எண் இருக்கும்). ஒரு யூனிட் செலவானால் அந்த விளக்கு 3200 தடவை மினுக்கும் என்று அர்த்தம். 75 வாட் மட்டும் ஓடினால் மணிக்கு 240 தடவை, அதாவது 15 விநாடிக்கு ஒன்று. 20 வாட் என்றால் 56 விநாடிக்கு ஒன்று. ஃப்ரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்தோம். இன்வெர்ட்டரை மறந்துவிட்டால் கணக்கே தப்பாகிவிடும், அது சத்தமில்லாமல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். கூடத்து ஃபேன் ஒன்றுதான் ஓடியது. மாடிப்படிக்குக் கீழே மீட்டருக்கு எதிரில் ஸ்டூல் போட்டுப் பெரியப்பாவை உட்கார வைத்தோம்.

ஐந்தில் வைத்தபோது அவர் வாய்விட்டு எண்ணினார். பதினைந்தில் மினுக்கியது. மறுபடி எண்ணினார், மறுபடி பதினைந்து. அம்மா உள்ளேயிருந்து "ஒண்ணுல வச்சாச்சு" என்று குரல் கொடுத்தார். பதினைந்து தாண்டியது, இருபது தாண்டியது, முப்பதில் அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, விளக்கு அணைந்துபோய்விட்டதா என்று குனிந்து பார்த்தார். ஐம்பது நெருங்கும்போதுதான் மினுக்கியது.

கொஞ்ச நேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "ஊர்ல நம்ம வீட்டுல அந்தப் பழைய பெட்டி இன்னும் இருக்குல்ல, பொங்கலுக்குப் போகும்போது அதையும் எண்ணிப் பார்த்துடணும்" என்றார்.