எப்போது ஆடுகிறது உங்கள் கார்?

"அண்ணே, காடி ஆடுது, அலைன்மென்ட் பண்ணிடுங்க." கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தப்பினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. அதனால் நான் முதலில் கேட்பது, எப்போது ஆடுகிறது என்றுதான்.

கராக் நெடுஞ்சாலையில் 90, 100 கிலோமீட்டரில் நடுங்கி, வேகம் குறைந்ததும் அடங்குகிறதா? வீல் பாலன்சிங்கைப் பாருங்கள், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருக்கிறதா என்று. ஸ்டீரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம், இருக்கை அதிர்ந்தால் பின் சக்கரம். குழியில் இறங்கியபோது அதற்காக ரிம்மில் பொருத்திய சிறு எடை கழன்று விழுந்திருக்கும். 100 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 சுற்று சுற்றுகிறது, சில கிராம் குறைந்தாலே கைக்குத் தெரிந்துவிடும்.

பாலன்சிங் மெஷின் பூஜ்யம் காட்டியும் நடுக்கம் போகவில்லையா? ஸ்போர்ட் ரிம் போட்டவர்களுக்கு இந்தத் தலைவலி உண்டு. ரிம்மின் நடுத்துளை, அது உட்காரும் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் மையம் தப்பி உட்காரலாம். பெரிய செலவில்லை, அந்த இடைவெளியை அடைக்கச் சரியான அளவில் ஒரு ஹப் ரிங் போதும். ஆனால் டயர் புடைத்திருந்தால் எடை ஒட்டிப் பயனில்லை. அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறவே ஏறாதீர்கள்.

சரி, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால்? சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் மேல்தான் என் சந்தேகம் போகும். கெந்திங் ஏற்றத்தில் இது நன்றாகத் தெரியும். ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் சக்கரப் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கவனித்தால் ரப்பர் பூட்டையும் கிரீஸையும் மாற்றிச் சமாளிக்கலாம். நம் ஊர் மழையில் தண்ணீரும் மணலும் உள்ளே போய்விட்டால் ஷாஃப்டையே மாற்ற வேண்டியதுதான்.

ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளில் பின்னால் போகும் நீள ஷாஃப்டைக் கழற்றினால், முதலில் அடையாளம் போட்டு, அதே நிலையில் பூட்ட வேண்டும், இல்லையென்றால் அதிரலாம். சஸ்பென்ஷனை உயர்த்தி வண்டியைத் தூக்கிக் கட்டினால் ஜாயின்ட்டின் கோணம் மாறும், அதனாலும் அதிரும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பாருங்கள்.

அப்புறம், ஷாஃப்ட் மாற்றணும் என்று யாராவது சொன்னால், முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கம் ஸ்டீரிங்கை விட்டு இருக்கைக்கு வந்தால் கோளாறு சக்கரத்தில்தான்.