ரியாக்டிவ், புரோஆக்டிவ்: ஐ.டி. சப்போர்ட்டுக்குச் சரியான தமிழ் எது?

கணினிப் பராமரிப்பு நிறுவனங்கள் தரும் கொட்டேஷனில் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ரியாக்டிவ் சப்போர்ட்டுக்கு ஒரு விலை, புரோஆக்டிவ் சப்போர்ட்டுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. என்ன வித்தியாசம் என்று கேட்டால் "இது பேசிக் சார், அது பிரீமியம்" என்பார்கள். இது விலை வித்தியாசம் மட்டும் இல்லை. எப்போது வேலை தொடங்குகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் 'ஆகெரே' என்றால் செய்தல், இயக்குதல். 'ரீ' என்பது திரும்ப. ஒன்று நடந்த பிறகு அதற்குப் பதிலாகச் செய்வது ரியாக்டிவ். 'புரோ' என்பது முன். புரோஆக்டிவ் வயதில் மிக இளைய சொல். 1930-களில் உளவியல் ஆய்வுகளில் புழக்கத்துக்கு வந்தது. முன்பு படித்தது, பின்னால் படிப்பதை மனத்தில் நிற்கவிடாமல் தடுப்பதை அங்கே அப்படிச் சொன்னார்கள். அப்போது அதற்கு இணைச்சொல்லாக இருந்தது ரெட்ரோஆக்டிவ். நிர்வாகத் துறைக்கு வந்த பிறகுதான் ரியாக்டிவோடு ஜோடி சேர்ந்து, 'பிரச்சினை வரும்வரை காத்திராமல் முந்திச் செயல்படுவது' என்ற இன்றைய பொருள் நிலைத்தது.

தமிழில் ரியாக்‌ஷனுக்கு எதிர்வினை என்ற நல்ல சொல் இருக்கிறது. அதை வைத்து 'எதிர்வினை ஆதரவு' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'எதிர்' தமிழில் இரண்டு பக்கமும் பார்க்கிற சொல். எதிர்த்து வருவதும் எதிர், இனி வரப்போவதும் எதிர். தொல்காப்பியம் வருங்காலத்தை 'எதிர்வு' என்கிறது. 429-வது குறளைப் பாருங்கள்:

எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை
அதிர வருவதோர் நோய்.

வரக்கூடியதை முன்பே அறிந்து காத்துக்கொள்கிறவர்களுக்கு, நடுங்கவைக்கும் துன்பம் இல்லை என்று பொருள். புரோஆக்டிவ் என்பதற்கு இதைவிட நல்ல வரையறை எனக்குக் கிடைக்கவில்லை. அதே 'எதிர்' என்ற சொல்லை ரியாக்டிவுக்குக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

புரோஆக்டிவுக்கு 'முனைப்பான' என்று எழுதுகிறார்கள். அது ஆளின் குணத்தைச் சொல்கிறது, செய்யும் காலத்தைச் சொல்லவில்லை. 'முன்னெச்சரிக்கை' கிட்டத்தட்டச் சரி. ஆனால் எச்சரித்ததோடு வேலை முடிந்துவிடுவதுபோல் ஒலிக்கிறது. ஆகவே, 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' என்ற 435-வது குறளில் வேர் கொண்டு, தமிழ்நாட்டு அரசின் மருத்துவ முகாம் திட்டத்தால் ஊர் ஊராகப் பரவிய 'வருமுன் காத்தல்' என்பதே என் தேர்வு. புரோஆக்டிவ் சப்போர்ட் என்பதை வருமுன் காக்கும் பராமரிப்பு என்றும், ரியாக்டிவ் சப்போர்ட் என்பதைப் பழுதுநீக்கும் சேவை என்றும் சொல்லலாம். சப்போர்ட்டை 'ஆதரவு' என்று எழுதும்போது தேர்தல் வாசம் வந்துவிடுகிறது. பராமரிப்பு, சேவை என்பவை கடைக்காரருக்கும் புரியும்.

சரி, பெயர் வைத்தாயிற்று. நடப்பில் இது எப்படி இருக்கும்?

2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பணயத் தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ்.-இல் மருத்துவமனை போன்ற சேவைகளை நடத்தும் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகளும் சிகிச்சைகளும் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆம்புலன்ஸ்களைச் சில மருத்துவமனைகள் வேறிடத்துக்குத் திருப்பிவிட்டன. இதில் என்னை உறுத்துவது மார்ச் 14 என்ற தேதி. வான்னாகிரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாப்ட் அன்றே வெளியிட்டுவிட்டது. அதைப் போடச் சொல்லி என்.எச்.எஸ்.-இன் தகவல் தொழில்நுட்பப் பிரிவு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கையும் அனுப்பியிருந்தது. மருந்து கையில் இருந்தும் பல இடங்களில் அது போய்ச் சேரவில்லை. மொத்தச் செலவு சுமார் 9.2 கோடி பவுண்டு என்று பின்னர் அரசே மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி, தாக்குதல் ஓய்ந்த பிறகு கணினிகளையும் தரவுகளையும் மீட்கப் போன பணம். எச்சரிக்கை வேறு, காத்தல் வேறு என்று நான் பிரிப்பது இதனால்தான்.

கண்காணிப்பு இருப்பதாக நாமே நம்பிக்கொள்வதும் ஆபத்து. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கத் தானியங்கி ஏற்பாடு இருந்தது. மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் உரிய முறையில் கையொப்பமிடப்படாததால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. நல்லவேளையாக, வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் இருந்தது. அதை வைத்து மீண்டார்கள். இடைப்பட்ட நேரத்தின் தரவு போனது போனதுதான்.

வருமுன் காப்பதற்கும் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. கூகுள் 2007-இல் தன் வன்தட்டுகளை (ஹார்ட் டிஸ்க்) ஆராய்ந்தபோது, பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கை அளவீடுகளிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பாதுகாப்பு அப்டேட்டே சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. எனவே எந்த ஏற்பாட்டிலும் பழுதுநீக்கும் ஆள் தேவை. அப்டேட்டையும் முதலில் சில கணினிகளில் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் ஏ.எம்.சி. என்ற மூன்றாவது சொல் இடையில் வந்து குழப்புகிறது. வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டதாலேயே வருமுன் காப்பதாகிவிடாது. பெரும்பாலான ஏ.எம்.சி., பழுதுநீக்கும் சேவைக்கு முன்கூட்டியே கட்டும் பணம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து, தூசி தட்டி, ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிப் போவதைப் புரோஆக்டிவ் என்று விற்றால் ஏற்காதீர்கள்.

யாருக்கு எது? இரண்டு கணினி, ஒரு பிரிண்டர் உள்ள கடைக்குப் பழுதுநீக்கும் சேவையே போதும். தினசரி பேக்கப் மட்டும் கடைக்கு வெளியேயும் ஒன்று இருக்கட்டும். பில்லிங், ஸ்டாக், சம்பளம் எல்லாம் ஒரே சர்வரில் ஓடுகிறது, அது அரை நாள் நின்றால் லாரி கிளம்பாது என்றால் நிலைமை வேறு. அந்த அரை நாள் நட்டத்தை ஒரு தாளில் எழுதி, புரோஆக்டிவுக்குக் கேட்கும் கூடுதல் தொகைக்குப் பக்கத்தில் வையுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல்தான் பலர் மலிவானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பெயரை விட்டுவிட்டு வேலைகளைப் படியுங்கள். வெளியான எத்தனை நாளில் பேட்ச் போடுவார்கள்? எடுத்த பேக்கப்பை மீட்டுப் பார்த்து, பார்த்ததற்கு அத்தாட்சி தருவார்களா? வன்தட்டு நிரம்புவதை, இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவதை யார் கவனிப்பது? ரெஸ்பான்ஸ் டைம் நான்கு மணி நேரம் என்று இருந்தால், அது ஆள் பதில் சொல்லும் நேரமா, பழுது சரியாகும் நேரமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அது பதில் சொல்லும் நேரம்தான்.