பாட்டு முடிந்த பிறகும் பதிவை நிறுத்தாதீர்கள்

ஒலி ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாலாட்டு வந்தது. கூடவே ஒற்றை வரிக் குறிப்பு: ‘மரபுப் பாடல், இயற்றியவர் இல்லை’. கேட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவது கண்ணியில் குழந்தையின் அப்பா கைப்பேசித் திரையில் முகம் காட்டிச் சிரிக்கிறார். தலைமுறை தலைமுறையாக வந்த தாலாட்டில் கைப்பேசி எங்கிருந்து வந்தது? பதிவு செய்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “பாடிய அம்மா தானே கட்டியதுதான். கேட்பதற்கு நாட்டுப்பாட்டு மாதிரி இருந்ததால் அப்படிப் போட்டேன்” என்றார். அந்த அம்மாவின் பெயர் அவருக்கு நினைவில்லை. அதற்குள் பதிவு பல கை மாறி, ஒரு விளம்பரத்தின் பின்னணி வரைக்கும் போயிருந்தது.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நாட்டுப்பாட்டு என்றால் பழையதாகத்தான் இருக்கும், பழையதென்றால் சொந்தக்காரர் இருக்கமாட்டார் என்ற பழக்கம்தான் காரணம். சர்வதேச நாட்டார் இசை மன்றம் 1954ஆம் ஆண்டிலேயே தன் வரையறையில், ஒரு தனி ஆள் இயற்றிய பாட்டும் மக்கள் வாயில் புழங்கி அவர்கள் மரபில் கலந்துவிட்டால் நாட்டார் இசைதான் என்று ஒப்புக்கொண்டிருந்தது. வழக்கில் கலப்பது ஒன்று, கட்டியவரின் பெயர் தொலைவது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை.

அமெரிக்க வயலின் கலைஞர் ஜே உங்கர் 1982இல் அமைத்த ‘அஷோகன் ஃபேர்வெல்’ என்ற மெட்டு, 1990இல் கென் பர்ன்ஸின் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய ஆவணத் தொடரில் ஒலித்தது. அது போர்க்காலத்துப் பழைய மெட்டு என்றே பலர் நம்பிவிட்டார்கள். உங்கருக்கு நட்டமில்லை, அவர் பெயர் ஆவணத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1939இல் அவர் பாடிப் பதிவான ‘ம்பூபே’வின் உரிமை பத்து ஷில்லிங்குக்குக் கைமாறியது. கடல் கடந்த பாட்டு ஆப்பிரிக்க நாட்டுப்பாட்டாகக் கருதப்பட்டு, வேறு வரிகளோடு உலகப் புகழ் பெற்றது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு உடன்பாட்டின் வழியே பங்கு கிடைத்தது 2006இல்.

அதனால்தான் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன்: பாட்டு முடிந்ததும் பதிவுக் கருவியை அணைக்காதீர்கள். மெழுகு உருளையில் பதிவு செய்த பழைய சேகரிப்பாளர்களுக்கு ஓர் உருளையில் சில நிமிடங்களே கிடைத்தன. நீண்ட பாட்டுகளின் தலையும் வாலும் வெட்டுப்பட்டது அப்படித்தான். நமக்கு அந்த நெருக்கடி இல்லை. பாடி முடித்துப் பெருமூச்சு விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, “கடைசி இரண்டு வரி என் தங்கை சேர்த்தது” என்று சொல்வார்கள் பாருங்கள், அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருக்கிறோம். “மெட்டு எங்கள் பாட்டி பாடியது, வார்த்தை மட்டும் என்னுடையது” என்பதும் அந்த நேரத்தில்தான் வரும். வினாத்தாளை நீட்டினால் பெரும்பாலும் வராது. எங்கள் காப்பகத்தில் பாட்டைவிடப் பேச்சு நீளமான பதிவுகள் சில உண்டு. என்னைக் கேட்டால் அவைதான் மதிப்பு மிக்கவை.

வார்த்தை வேறு, மெட்டு வேறு என்பதைச் சேகரிப்பவர் பிரித்தே எழுத வேண்டும். பழைய மெட்டுக்குப் புது வரி கட்டுவது நாட்டுப்பாட்டின் உயிர்நாடி. அச்சுப் பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று போடுவார்கள். நல்ல பழக்கம், அதைக் கைவிட்டுவிட்டோம். வரிகளை எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டமைத்தவருக்கு ஓர் உரிமை. பாடியவருக்கும் பதிவு செய்தவருக்கும் தனித்தனியே உண்டு. பதிவு செய்ததால் பாட்டே தன்னுடையதாகிவிட்டது என்று நினைக்கும் சேகரிப்பாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொந்தம் அந்த ஒலிப்பதிவு, அவ்வளவுதான்.

புதுப் பாட்டைக் கட்டியவர் எங்கும் போய்ப் பதிந்து வைக்கவில்லையே என்பார்கள். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் படைப்புரிமை பெறப் பதிவுச் சடங்கு எதுவும் தேவையில்லை. படைத்தவர் மறைந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகளுக்கு அந்த உரிமை நிற்கும். பல நாடுகளில் அது 70 ஆண்டுகள். எழுத்திலோ ஒலியிலோ பதிந்த பின்பே பாதுகாப்பு தொடங்கும் என்று சொல்லும் நாடுகளும் உண்டு. அங்கே நீங்கள் எடுக்கும் பதிவு அந்தப் பாட்டின் முதல் சான்றாகவே அமையக்கூடும்.

அனுமதி கேட்பதில் நாங்களும் தவறியிருக்கிறோம். “இதை வெளியிடலாமா?” என்று கேட்டு, தலையாட்டியதும், சில நிபந்தனைகளோடு யாரும் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் போட்டுவிடுவோம். அந்த உரிமத்தின் கீழ் ஒருமுறை வெளியிட்டால், அதன்படி எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. இதைப் பாடியவருக்கு யாரும் விளக்குவதில்லை. எந்த உரிமம் என்பதும் முக்கியம். ‘மாற்றக் கூடாது’ என்ற நிபந்தனையுள்ள உரிமத்தைப் போட்டால், அடுத்தவர் ஒரு கண்ணி சேர்த்துப் பாடிப் பகிரவும் வழியில்லை. நாட்டுப்பாட்டுக்கு அது வாய்ப்பூட்டு. ‘வணிகத்துக்கு ஆகாது’ என்ற நிபந்தனை பலருக்குப் பொருந்தும். இப்போது நான் கேட்கும் கேள்விகள் வேறு. “வேறொருவர் மாற்றிப் பாடினால் உங்களுக்குச் சம்மதமா? யாராவது இதில் பணம் பண்ணினால்? பெயர் போடலாமா?” பெயர் வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதையும் அவர் குரலிலேயே பதிந்துகொள்கிறேன்.

கோப்பு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூலத்தை வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் வையுங்கள். பகிர எம்பி3 போதும். செய்திச் செயலி வழியாக மூலத்தை அனுப்பினால் நசுங்கிப் போய்ச் சேர வாய்ப்புண்டு. கோப்பின் பெயர் ‘புதிய பாட்டு இறுதி 2’ என்று இருக்கவே கூடாது. அந்தப் பெயரில் வந்தவை மட்டுமே என்னிடம் ஓர் அடுக்கு கிடக்கின்றன. மெட்டை எழுத்தில் பகிர, சுரங்களை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும், கிறிஸ் வால்ஷா உருவாக்கிய ஏபிசி குறிமுறை எளிது. அதில் இயற்றியவருக்கென்றே ஒரு வரி உண்டு. அதை வெறுமையாக விடாதீர்கள்.

புதுப் பாட்டுகளைச் சேர்த்துப் பரப்ப முன்மாதிரி கேட்பவர்களிடம் ‘பிராட்சைட்’ இதழைச் சொல்வேன். 1962இல் நியூயார்க்கில் சிஸ் கன்னிங்ஹாமும் கோர்டன் ஃப்ரீசனும் தம் வீட்டிலிருந்தே அதை நடத்தத் தொடங்கினார்கள். கட்டியவர்கள் நேரில் வந்து டேப்பில் பாடுவார்கள். மெட்டையும் வரிகளையும் எழுதி, உருட்டச்சில் எடுத்து, எழுதியவர் பெயரோடு வெளியிடுவார்கள். பெரிய வசதி ஏதுமில்லாமல் 1988 வரை இதழ் வந்தது.

அந்தத் தாலாட்டின் பதிவேட்டில் ‘மரபு’ என்பதை அடித்துவிட்டு, ‘இயற்றியவர்: பாடிய பெண்மணி. பெயர் தேடப்படுகிறது’ என்று எழுதினேன். பதிவை முழுவதுமாக மறுபடி கேட்டபோது, பாட்டு முடிந்த நொடியில் அவர் ஏதோ பேச வாயெடுப்பது கேட்டது. அங்கே பொத்தானை அழுத்திவிட்டார்கள்.