மெய்யில் முடியாத மொழி

மிசோரத்தின் தென்கோடிக்குப் போனால் ஊர்களுக்கு இரண்டிரண்டு பெயர்கள். மிசோ மொழிக்காரர் 'துய்பாங்' என்று சொல்லும் ஊரை அந்த ஊர்க்காரர்கள் 'திபா' என்கிறார்கள். 'செர்கோர்' அவர்களுக்கு 'சைகாஓ'. கலதான் ஆற்றங்கரையில் இருக்கும் 'கோல்சோ' அவர்கள் வாயில் 'காஓசாஓ'. மாவட்டத் தலைநகரை மிசோவில் 'சாய்ஹா' என்பார்கள், உள்ளூரில் 'சியாஹா'. இப்போது மாவட்டத்தின் அரசுப் பெயரும் சியாஹாதான்.

முதலில் பார்த்தால் ஏதோ உச்சரிப்புக் கோளாறு போலத் தெரியும். ஆனால் இந்தப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். மிசோ பக்கத்தில் ங், ர், ல் என்று மெய்கள் அசையை மூடுகின்றன. உள்ளூர்ப் பக்கத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. எல்லா அசையும் உயிரில் வந்து நிற்கிறது. இது தற்செயல் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் பேசும் மாரா, அசை இறுதியில் இருந்த மெய்களை உதிர்த்துவிட்ட மொழி.

மாரா மக்களின் பெயரும் இரட்டைதான். தங்களை அவர்கள் மாரா என்பார்கள். 'லாக்கேர்' என்பது வடக்கே இருக்கும், மிசோ பேசும் லுஷாய் மக்கள் வைத்த பெயர். பிரிட்டிஷார் லுஷாய் மக்கள் வழியாக வந்ததால் அதிகாரப் பதிவுகளில் அதுவே ஏறிவிட்டது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் இன்னமும் 'லாக்கேர்' என்றே தேட வேண்டும். 2011 கணக்கில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 42,000 பேருக்குச் சற்று மேல். எல்லைக்கு அந்தப் பக்கம், மியான்மரின் சின் மாநிலத்திலும் மாரா ஊர்கள் உண்டு. கலதான் ஆறு மியான்மரில் புறப்பட்டு, மிசோரத்துக்குள் வந்து, மறுபடி மியான்மருக்கே போய் சித்வே அருகில் கடலில் கலக்கிறது. மொழியும் ஏறக்குறைய அந்த ஆறு மாதிரிதான், கோடு போட்டவர்களைக் கேட்டுக்கொண்டு பரவவில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாரா, மிசோவிலிருந்து பிரிந்த கிளைமொழி அல்ல. இரண்டும் திபெத்து-பர்மியக் குடும்பத்தில் குக்கி-சின் என்ற கிளையைச் சேர்ந்தவை. ஒரே தாய்க்குப் பிறந்தவை. அந்தத் தாய்மொழியின் இறுதி மெய்களை மிசோ பெரும்பாலும் காப்பாற்றி வைத்திருக்கிறது, மாரா விட்டுவிட்டது. அதனால்தான் மாராவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள மிசோவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

'ஆறு' என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். திபெத்திய எழுத்து வழக்கில் அது 'த்ருக்'. மிசோவில் 'ருக்'. தூரத்துச் சொந்தமான சீனத்தில், கான்டனீஸ்காரர் 'லுக்' என்கிறார், மண்டரின்காரர் 'லியூ' என்கிறார். மாராவில் அந்தச் சொல் வெறும் 'ரு' என்று முடிகிறது. ஒரே வேர்தான்; கடைசியில் நிற்கும் ககர ஒற்றை மண்டரினும் மாராவும் தனித்தனியாக, ஒன்றை ஒன்று அறியாமல், இழந்திருக்கின்றன. இப்படி வெவ்வேறு இடங்களில் ஒரே மாற்றம் நடக்கிறது என்றால் காரணம் மனித வாயிலும் காதிலும்தான் இருக்க வேண்டும்.

இந்த மொழிகளில் சொல்லின் கடைசியில் வரும் க், த், ப் வெடித்து முடிவதில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டும், அல்லது உதடு மூடும், அவ்வளவுதான். காற்றை வெளியே விடும் அந்தச் சின்ன வெடிப்பு இருக்காது. அப்படியானால் கேட்பவருக்கு அது க்-கா த்-தா என்று எப்படித் தெரிகிறது? மூடுவதற்கு முன் உயிரொலி லேசாக வளைவதை வைத்து ஊகிக்கிறார். அந்த வளைவு மிகச் சிறிய நேரம்தான். வேகமான பேச்சில் அது தேய்ந்துவிடும். மொழி கற்கும் குழந்தையின் காதில் விழுவது 'ஏதோ சட்டென்று நின்றது' என்பது மட்டும். அந்தக் குழந்தை வளர்ந்து பேசும்போது தொண்டையை வெட்டென்று மூடி நிறுத்தும். பர்மிய மொழி இன்று இந்தக் கட்டத்தில் இருக்கிறது: பழைய க், த், ப் மூன்றும் அங்கே ஒரே தொண்டை அடைப்பாகக் கலந்துவிட்டன. அடுத்த படியில் அந்த அடைப்பும் போகும். மூக்கொலிகளுக்கும் இதே கதி வரலாம். முதலில் உயிர் மூக்கில் ஏறும், பிறகு அந்த மூக்கொலியும் மறையும்.

தமிழுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். தொல்காப்பியம் சொல்லிறுதியில் நிற்க அனுமதிக்கும் மெய்களில் வல்லினம் ஒன்றுகூடக் கிடையாது. 'பேங்க்' என்ற ஆங்கிலச் சொல்லை வீட்டில் 'பேங்கு' என்றுதான் சொல்கிறோம். கடைசி வல்லினத்துக்குக் காற்று விட ஓர் உகரத்தைச் சேர்த்துச் சமாளித்தது தமிழ். மாரா போனது எதிர்த் திசையில்: உயிரைச் சேர்க்கவில்லை, மெய்யையே விட்டது. அதுவும் தமிழ் தாராளமாக விட்டுவைக்கும் ம், ன், ர், ல் வரைக்கும்.

சரி, போன மெய் சும்மா போனதா? இங்கேதான் எனக்கு இந்த மொழி ரொம்பப் பிடித்திருக்கிறது. மிசோவில் கண்ணுக்கு 'மித்', வீட்டுக்கு 'இன்'. மாராவில் கண் 'மோ', வீடு 'ஓ'. மெய் உதிர்ந்ததோடு இகரமும் ஓகாரம் ஆகியிருக்கிறது. ஒருவேளை மாராவில் எல்லா இகரமும் இப்படி மாறிவிட்டதோ என்றால், இல்லை. நான்கு என்பது மிசோவில் 'பலி', மாராவிலும் 'பலி'. இங்கே இகரத்துக்குப் பின்னால் ஆதியிலேயே மெய் கிடையாது, இகரமும் இருந்தபடியே இருக்கிறது. ஆக, மெய் மூடிய இகரம் மட்டும்தான் மாறியது.

இதிலிருந்து ஒரு காலவரிசை கிடைக்கிறது. மெய் முதலில் உதிர்ந்து, அதற்குப் பிறகு உயிர் மாறியிருந்தால், 'மித்' என்பது 'மி' ஆகி 'பலி'யில் உள்ள 'லி'யோடு ஒரே வரிசையில் நின்றிருக்கும். அப்புறம் மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கும். அப்படி நடக்கவில்லை. எனவே மெய் இருந்த காலத்திலேயே அது தனக்கு முன்னால் இருந்த உயிரை இழுத்துத் திருகிவிட்டது, உதிர்ந்தது பிறகு. எழுத்துப் பதிவு ஏதும் இல்லாத காலத்தில் நடந்த இரண்டு மாற்றங்களில் எது முந்தியது என்பதை நாலைந்து சொற்களை வைத்தே சொல்லிவிட முடிகிறது. தண்ணீருக்கான சொல் மட்டும் உங்களைக் குழப்பலாம்: மிசோவில் 'துய்', மாராவில் 'தி'. இந்த இகரம் 'உய்' சுருங்கிப் புதிதாக வந்தது, பழைய கணக்கில் சேராது.

ஊர்ப் பெயர்களுக்கே திரும்புவோம். துய்பாங், திபா: 'துய்' தி ஆனது, 'பாங்' தன் ஙகர ஒற்றை இழந்தது, அகரத்துக்குப் பெரிய சேதம் இல்லை. சாய்ஹா, சியாஹா: 'ஆய்' என்ற கூட்டுயிர் தலைகீழாகி 'இயா' ஆகியிருக்கிறது. செர்கோர், சைகாஓ: 'எர்' என்பது ரகரம் போய் 'ஐ' ஆகியிருக்கிறது. கவனித்தீர்களா, பழைய ஆய் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அதன் இடத்தில் எர்-இலிருந்து ஒரு புது ஐ வந்து உட்கார்ந்திருக்கிறது. கோல்சோ, காஓசாஓ இன்னொரு பாடம். அதில் 'கோல்' லகரத்தை இழந்து 'காஓ' ஆனது. ஆனால் மெய்யே இல்லாத 'சோ'வும் 'சாஓ' ஆகியிருக்கிறது. ஆகவே இங்கே உயிர் மாறியதற்கு லகரம் காரணம் இல்லை. எந்த மாற்றத்துக்கு எது பொறுப்பு என்று இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதுதான் வரலாற்று மொழியியலின் அன்றாட வேலை.

அசையின் கடைசியில் கஞ்சம், ஆனால் முதலில் மாரா தாராளம். காற்றுச் சேர்ந்த ப், த், க் உண்டு, சேராதவையும் உண்டு. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. தகரமும் லகரமும் ஒரே மூச்சில் வரும் 'ட்ல' போன்ற ஒலி உண்டு; சியாஹா பக்கத்து வழக்கான ட்லோசாய் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது.

எல்லாவற்றையும்விட விசேஷம் குரலற்ற மூக்கொலிகள். மகரம் சொல்லும்போது தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிரும். இப்போது உதட்டை மூடிக்கொண்டு, தொண்டையை அதிரவிடாமல் மூக்கு வழியாகக் காற்றை மட்டும் விட்டு, அந்த மூச்சிலேயே 'மா' என்று திறங்கள். அதுதான். ரோமன் எழுத்தில் இதை ஹெச் போட்டுப் பக்கத்தில் எம் போட்டு எழுதுவார்கள். இதேபோல நகரமும் லகரமும் உண்டு. இவை எங்கிருந்து வந்தன என்பதற்கு மூக்கு என்ற சொல்லே நல்ல சாட்சி: திபெத்திய எழுத்து வழக்கில் 'ஸ்ன', பர்மியத்தில் குரலற்ற நகரத்தோடு 'ஹ்னா', மிசோவில் 'ஹ்னார்'. முன்னால் நின்ற ஸகரம் காற்றாகக் கரைந்து நகரத்துக்குள் புகுந்துவிட்டது.

இதற்கெல்லாம் மேல் மாரா ஒரு தொனிமொழி. ஒரே அசையை எந்தச் சுருதியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். இறுதி மெய்கள் போன மொழியில் இதன் பாரம் கூடுவது இயல்பு. முன்பு மெய்யால் வேறுபட்ட சொற்கள் இப்போது உயிராலும் தொனியாலும்தான் வேறுபட்டாக வேண்டும்.

இலக்கணத்தில் தமிழருக்குப் பாதி வீடு தெரிந்ததுபோல இருக்கும். வினை கடைசியில்தான் வரும். ஆனால் யார் செய்தது என்பதைத் தமிழ் 'வந்தேன், வந்தாய்' என்று வினையின் வாலில் ஒட்டுகிறது. குக்கி-சின் மொழிகள் வினைக்கு முன்னால் ஒரு சிறு சொல்லாக வைக்கின்றன. மிசோவில் 'க கல்' என்றால் நான் போகிறேன், 'இ கல்' நீ போகிறாய், 'அ கல்' அவர் போகிறார். அதே 'க'வைப் பெயருக்கு முன் வைத்து 'க இன்' என்றால் என் வீடு. மாராவின் சொற்கள் வேறானாலும் கட்டுமானம் இதுதான். செயப்படுபொருள் உள்ள வினையைச் செய்பவருக்குத் தனி உருபு ஒட்டும், ஹிந்தியின் 'நே' போல. ஹிந்தியில் அது இறந்தகாலத்துக்குத்தான், இங்கே காலக் கட்டுப்பாடு இல்லை.

இந்தக் கிளையின் இன்னொரு வழக்கம், வினைக்கு இரண்டு வேர்வடிவங்கள். மிசோவில் 'பே' கொடு. துணைவாக்கியத்துக்குள் போனால் அது 'பேக்'. வேறுபாடு முழுவதும் கடைசி மெய்யில் தொங்குகிறது. இறுதி மெய்யே இல்லாத மாராவில் இந்த மாதிரி வேறுபாடு உயிரையோ தொனியையோ அண்டித்தான் பிழைக்க முடியும்.

எழுத்து வந்தது தாமதமாக. ரெஜினால்ட் லோரைன் என்ற மிஷனரி 1907இல் சைகாஓவுக்கு வந்து தங்கினார். மிசோவுக்கு எழுத்து அமைத்த இருவரில் ஒருவர் அவருடைய அண்ணன் ஜே. எச். லோரைன், மற்றவர் எஃப். டபிள்யூ. சாவிட்ஜ். சாவிட்ஜின் லாக்கேர் இலக்கணமும் அகராதியும் 1908இல் வெளிவந்தன. ரோமன் எழுத்துகள் மாராவின் உயிர்களுக்குப் போதவில்லை. அதனால் சில உயிர்களின் தலையில் தொப்பிக்குறி போட்டார்கள். ஆங்கிலத்தில் பல இடங்களில் மெய்யாக வரும் ஒய் இங்கே முழு உயிர், நாக்கு நடுவாயில் நிற்கும் ஓர் ஒலி. தொனிக்கு மட்டும் குறியே கிடையாது, வாசிப்பவர்தான் இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ட்லோசாய், ஹோதாய், சாபி என்று வழக்குகள் பல இருந்தாலும் எழுத்துக்கும் மேடைக்கும் நின்றது ட்லோசாய்தான். 1972இல் இவர்களுக்கென அமைந்த தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் முதலில் லாக்கேர் பெயரில்தான் இருந்தது. மாரா என்று பெயர் மாறியது அதற்கும் பல வருஷம் கழித்து.