மாதம் பூராவும் ஊற்றிய பாலுக்கு ஒரு நேரத்துக் கணக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பால் சொசைட்டிகளுக்குக் கணக்கு ஓட்டித் தருவது என் வேலை. காலையும் மாலையும் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எவ்வளவு என்பதெல்லாம் நேர வரிசையில் ஒரே பெரிய கோப்பில் விழும். மாதக் கடைசியில் அதை உறுப்பினர் எண்படி பிரித்து ஆளுக்கொரு கோப்பாக்க வேண்டும். அதற்கு ‘ஆக்’ (awk) என்ற கணினி மொழியில் நாலு வரி போதும். 1977-இல் வந்த மொழிதான், இன்றைக்கும் எனக்கு இதுதான் கை.

ஒரு மாதம் உறுப்பினர்கள் 1,300-ஐத் தாண்டினார்கள், புரோகிராம் பாதியில் நின்றுவிட்டது. ஆக் எழுதும் கோப்புகளை நாம் மூடச் சொல்லும்வரை திறந்தே வைத்திருக்கும், ஆனால் பல லினக்ஸ் கணினிகளில் ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் 1,024 கோப்புகள் வரைதான் திறந்து வைத்திருக்கலாம். (ஜிஎன்யூ ஆக் என்ற வகை தானே மாற்றி மாற்றித் திறந்து சமாளித்துக்கொள்ளும், என்னிடம் இருந்தது வேறு.) சரி, ஒவ்வொரு வரி எழுதியதும் கோப்பை மூடிவிடலாம் என்று ஒரு ‘குளோஸ்’ சேர்த்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, கோப்புகள் எல்லாம் இருந்தன, அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒரு பாட்டி சீட்டோடு வந்தார். “ஏங் கண்ணு, மாசம் பூரா பால் ஊத்துனேன், ஒரு நேரத்துக் கணக்குத்தான் வந்திருக்குது?”

ஆக்கில் ஒற்றை அம்புக்குறி (>) போட்டு எழுதினால், கோப்பைத் திறக்கும்போதே உள்ளே இருப்பதை அழித்துவிடும். திறந்தே இருக்கும்வரை அடுத்தடுத்த வரிகள் கீழே சேர்ந்துகொண்டே போகும், ஆனால் மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் திரும்பவும் துடைத்துவிடும். அதனால் எல்லாருக்கும் கடைசி நாள் மாலைப் பால் மட்டும்தான் மிஞ்சியது.

இந்த வேலை செய்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: எந்தக் கோப்பைப் படிக்கிறோம் என்பதை ஆக் தானே சொல்லும், எதில் எழுதுகிறோம் என்பதைச் சொல்லாது, அதை நாம்தான் ஒரு மாறியில் (variable) வைத்துக்கொள்ள வேண்டும். பெயரை அதில் ஒரே ஒரு முறை அமைத்து, எழுதவும் மூடவும் அதையே கொடுங்கள், ஏனென்றால் மூடும்போது தரும் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு மூடாது.

முதலில் உறுப்பினர் எண்ணால் வரிசைப்படுத்திவிட்டால் இன்னும் நல்லது: எண் மாறும்போது முந்தைய கோப்பை மூடினால் போதும், எப்போதும் ஒன்றுதான் திறந்திருக்கும். வரிசைப்படுத்த முடியாவிட்டால் இரட்டை அம்புக்குறி (>>) போடுங்கள், அது பழையதை அழிக்காமல் கீழே சேர்க்கும். அப்போது போன தடவை ஓட்டிய கோப்புகளை முதலிலேயே அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பால் இரட்டிப்பாகும்.

அப்புறம், இப்போது உள்ளே போன வரிகளையும் வெளியே வந்த வரிகளையும் எண்ணிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. அன்று எண்ணியிருந்தால், எழுபதாயிரத்துக்கு மேல் போன இடத்தில் ஆளுக்கு ஒரு வரியாக ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்தான் வந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்திருக்கும்.