மெட்டாஸ்டாசிஸ் இடம்பெயர்வு அல்ல, சேய்ப்புற்று

‘பித்தப்பைக்கு இடம்பெயர்ந்த மெலனோமா’ என்று மொழிபெயர்ப்புகளில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

மெலனோமா என்பது பெரும்பாலும் தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்று. கிரேக்கத்தில் ‘மெலாஸ்’ கருப்பு, ‘ஓமா’ கட்டி. தமிழில் கரும்புற்று என்றால் போதும். ‘இடம்பெயர்வு’ என்று மொழிபெயர்க்கப்படும் மெட்டாஸ்டாசிஸும் கிரேக்கம்தான்: ‘மெட்டா’ மாற்றம், ‘ஸ்டாசிஸ்’ நிற்றல். புற்று பரவுவதற்கு இந்தச் சொல்லை 1829இல் கையாண்டவர் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே. வேரை மட்டும் பார்த்தால் ‘இடம்பெயர்வு’ சரிதான். நோய் அப்படி நடந்துகொள்வதில்லையே!

இடம்பெயர்ந்தவர் பழைய வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகிறார். புற்று காலிசெய்வதில்லை. தோலில் இருக்கும் கட்டி அங்கேயே இருக்க, அதிலிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்தில் போய்ப் பித்தப்பையின் உட்சுவரில் ஊன்றிக்கொள்கின்றன. சிலருக்குத் தோலில் இருந்த மச்சமே மறைந்துபோவதும் உண்டு. அதுகூட உடலின் எதிர்ப்பாற்றல் அழித்ததுதான், குடிபெயர்ந்தது இல்லை.

இது வெறும் சொல் சண்டை இல்லை. ‘பித்தப்பைக்குப் போய்விட்டது’ என்று கேட்பவர், பையை எடுத்துவிட்டால் நோயும் போய்விடும் என்றுதானே நினைப்பார்? பித்தப்பையில் மட்டும் இருக்கிறதா என்று உடல் முழுவதும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது எதற்கு? வேறெங்கும் ஊன்றியிருக்கலாம் என்பதால்தான். அங்கே மட்டும் என்றால் பித்தப்பையை அகற்றுவதில் பலன் உண்டு. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் எடுக்கும்போது பித்தம் சிந்திச் செல்கள் வயிற்றுக்குள் விழாதபடி ஒரு சிறு பைக்குள் போட்டே வெளியே எடுப்பார்கள். பல இடங்களில் இருந்தால் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளே முதன்மை. வலியோ அடைப்போ இருந்தால் அதைத் தீர்க்க அறுவை செய்வதுண்டு.

இதைப் ‘பித்தப்பைப் புற்று’ என்று எழுதுவது இன்னும் மோசம். அது பித்தப்பையின் சொந்தச் செல்களில் தொடங்கும் வேறு நோய், மருந்தும் வேறு. தோலிலிருந்து பரவியதோ, எங்கே வளர்ந்தாலும் கரும்புற்றின் செல்தான்.

நான் சொல்வது ‘சேய்ப்புற்று’. முதல் கட்டி தாய்ப்புற்று. சேய் என்றால் பிள்ளை, சேய் என்றால் தொலைவும்கூட. தாயும் இருக்கும், பிள்ளை தூரத்தில் வளரும், பிள்ளை தாயின் இனமாகவே இருக்கும். மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ‘பித்தப்பையில் கரும்புற்றின் சேய்ப்புற்று’ என்று எழுதிப் பாருங்கள். எங்கே தொடங்கியது, எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.